பெட்டைக் குட்டி

ஆரணியில் பட்டு நெசவுத் தெருக்களில் ஒரு நாய் குட்டி போட்டுவிட்டால், அந்தச் செய்தி தறிச் சத்தத்தையும் மீறிக்கொண்டு பரவிவிடும். இரண்டு வாரத்துக்குள் குட்டிகளுக்குக் கண் திறக்கும். ஒரு மாதத்தில் திண்ணையிலிருந்து உருண்டு விழுந்து எழுந்து ஓடும். அதற்குள் 'ஒன்று கொடுங்கள்' என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். வருகிறவர் தாய் நாய் எப்படி என்று கேட்பதில்லை. குட்டி நன்றாகப் பால் குடிக்கிறதா என்றும் கேட்பதில்லை. அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஆண் குட்டி இருக்குதா?"

"ரெண்டு இருந்துச்சு மாமா, போயிடுச்சு. பொட்டை நாலு இருக்குது. இந்தக் கறுப்பைப் பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு!"

"பொட்டை வேணாம்பா. அப்புறம் யாரு அவஸ்தைப்படறது?"

இந்த 'அவஸ்தை' என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு வெகு நாளாக யோசனை. காவலுக்கும் துணைக்கும் ஆண் நாயே உகந்தது, வேட்டைக்கோ கேட்கவே வேண்டாம், ஆண்தான் என்று நம் ஜனங்கள் மிகவும் நிச்சயமாகப் பேசுகிறார்கள். ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் என்றும் சொல்லுகிறார்கள். ஆதிகாலம் என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்துக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிடும். பார்த்ததில் கிடைத்த சமாசாரங்களை வாசகர்களுக்குச் சொல்லுகிறேன்.

அதற்கு ஆரணி நல்ல இடம். இன்றைக்கு ஆரணி என்றால் பட்டுப் புடைவை. வீட்டுக்கு வீடு குழித்தறி, பாவு, ஊடை, ஜரிகை. ஆனால் ஊர்ப் பெயரே 'ஆரண்யம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. இல்லை, ஆறு அணி செய்யும் ஊர் ஆதலால் ஆரணி என்பவர்களும் உண்டு. ஆறும் இருக்கிறது, கமண்டல நாகநதி. காடும் இருக்கிறது, மேற்கே ஜவ்வாது மலை. ஆகவே இரு கட்சிக்கும் சாட்சி தயார். மராட்டியர் காலத்திலிருந்து இங்கே ஒரு ஜாகீர் நடந்தது. 1751-ல் கிளைவ் இங்கே ரஸா சாகிபின் படையை முறியடித்தான். 1782-ல் சர் அயர் கூட்டும் ஹைதர் அலியும் இந்த மண்ணில் மோதினார்கள். ஜாகீர்தார்கள் பூசிமலைக்குப்பத்தில் கட்டிய மாளிகை பாழடைந்து நிற்கிறது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தக் காலமும் போயிற்று.

இப்படி ஒரு பக்கம் வீடும் தறியும், இன்னொரு பக்கம் காடும் மலையும் இருக்கிற பிரதேசத்தில் நாய்க்கு இரண்டு உத்தியோகம். வீட்டில் காவல், காட்டில் வேட்டை. எந்த உத்தியோகத்துக்கு எந்தக் குட்டி என்ற கேள்வி இங்கே நிச்சயம் பழையதாகத்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு பழையது? முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் பிராணியின் ஆணை எப்படிச் சொல்ல வேண்டும், பெண்ணை எப்படிச் சொல்ல வேண்டும், குட்டியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதில் ஆசிரியர் ஒழுங்கு செய்து வைக்கிறார். நாய், பன்றி, புலி, முயல் இவற்றின் குட்டிக்குக் குருளை என்று பெயர். பெண் நாய்க்கோ அவர் சொல்லும் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. 'பிணவு' என்று ஒன்று. இன்னொன்று, 'பாட்டி'! ஆம், பன்றிக்கும் நாய்க்கும் பெண்பாற் பெயர் பாட்டி என்பது தொல்காப்பியர் விதி. நம் வீட்டுப் பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் அந்தப் பெயருக்கு வந்தது பிற்பாடு. வலிமை பொருந்திய ஆண் பிராணிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஏற்றை' என்ற ஒரு சொல்லை அவர் வைத்திருக்கிறார்; ஆண் நாயும் அதில் அடங்கும். பெண் நாய்க்கோ இப்படிக் குறிப்பாகப் பெயர்கள். ஒரு ஜாதிப் பிராணியோடு தினமும் பழகுகிறவர்களுக்குத்தான் அதற்குத் தனிப் பெயர் வேண்டியிருக்கும். பெட்டை நாயை வேண்டாம் என்று தெருவில் விட்டவர்கள் அதற்கு இத்தனை பெயர் வைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இலக்கணம் கிடக்கட்டும், வேட்டைக்கு வருவோம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். ஆரணியும் செங்கமும் இன்று ஒரே மாவட்டம், திருவண்ணாமலை. 1989-க்கு முன்னால் இரண்டும் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. ஆக நம் ஊர்ப் பக்கத்துக் காட்டைப் பற்றிய பாட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் ஆசையோடு சொல்லிக்கொண்டு போகிறார். மலை நாட்டுக் குடிகளின் வீட்டில் முள்ளம்பன்றி இறைச்சி கிடைக்கும். அதோடு சேர்த்து இன்னோர் இறைச்சியும் கிடைக்கும். அந்த இரண்டாவது இறைச்சி யார் சம்பாத்தியம்? வேடனுடையது அல்ல, வேடன் வீட்டு நாயுடையது. எந்த நாய்? அதையும் புலவர் சொல்லாமல் விடவில்லை. பிணவு நாய் துரத்திப் பிடித்தது என்கிறார். பெட்டை நாய்!

வழியோடு போகிற கூத்தனுக்கு விருந்து வைத்தது ஒரு பெட்டை நாயின் வேட்டை. அது விநோதம் என்றோ அபூர்வம் என்றோ புலவர் சொல்லவில்லை. மழை பெய்தது, தினை விளைந்தது என்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறார். அந்தச் சாதாரணம்தான் எனக்கு முக்கியம். வேட்டைக்கு ஆண்தான் என்பது ஆதிகால விதியானால், இந்த இடத்தில் அவர் கொஞ்சமாவது ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

இனி காவல். அதே செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நடுகல். செங்கம் வட்டாரத்தில் இப்படி நடுகற்கள் ஏராளம். 1972-ல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறை அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளை மீட்கப் போய் உயிரை விட்டான். அவனுக்குக் கல் நட்டார்கள். அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. வீரனுடன் அவன் நாயையும் அந்தக் கல்லில் செதுக்கினார்கள். நாயின் பெயரையும் வெட்டினார்கள்: கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி வைத்தார்கள்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மகேந்திரவர்மன் படையில் எத்தனையோ தளபதிகள் இருந்திருப்பார்கள். அவர்களில் பல பேருடைய பெயர் நமக்குத் தெரியாது. ஒரு கிராமத்து எருமை மந்தையைக் காத்த நாயின் பெயர் தெரியும். இதே மகேந்திரவர்மன்தான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். காஞ்சிபுரத்துத் தெருவில் ஒரு காபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமற் போகிறது. பௌத்த பிக்ஷு திருடிவிட்டான் என்று ஒரே சண்டை. கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு தெரு நாய்! ராஜா நாயை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தான். அவன் குடிகள் நாய்க்குக் கல் நட்டுக் கும்பிட்டார்கள். இரண்டும் ஒரே காலம்.

கோவிவன் என்ற பெயரின் ஈற்றைப் பார்த்தால் ஆண் நாய் என்று தோன்றுகிறது. சரி, காவலுக்கு ஆண் என்று எதிர்க்கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அவர்கள் சந்தோஷப்படட்டும். ஆனால் அடுத்த சாட்சியையும் கேட்டுவிட வேண்டும்.

ஆரணிக்கு வடகிழக்கே, அரக்கோணத்துக்கு அருகில், தக்கோலம். அங்கே கி.பி. 949-ல் பெரிய யுத்தம் நடந்தது. ஒரு பக்கம் சோழர். முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் தலைமை. மறு பக்கம் இராஷ்டிரகூடச் சக்கரவர்த்தி மூன்றாம் கிருஷ்ணன்; நம் ஊர்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று சொல்லும் அரசன். அவனுக்குத் துணையாகக் கங்க அரசன் பூதுகன். யானைமேல் இருந்தபடியே இராஜாதித்தன் மாண்டான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று சோழர்கள் அவனை நினைவு வைத்துக்கொண்டார்கள். தொண்டை மண்டலம் சில காலம் கன்னரதேவன் கைக்குப் போயிற்று.

அந்தப் போரில் பூதுகனின் வீரன் ஒருவன் மிகவும் தீரமாகச் சண்டை போட்டான். அவன் பெயர் மணலேரன். 'உனக்கு என்ன வேண்டும், கேள்' என்று வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் எஜமான் சொன்னான். மணலேரன் என்ன கேட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? கிராமமா, பொன்னா? ஒரு நாயைக் கேட்டான். காளி என்ற வேட்டை நாய். அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். அப்புறம் ஒரு நாள் குன்றின் பக்கம் ஒரு பெரிய காட்டுப் பன்றியின்மேல் காளியை ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று குதறி, இரண்டும் செத்து விழுந்தன. ஆதகூர் என்ற ஊரில் செல்லேசுவரர் கோயிலின் எதிரே அந்த நாய்க்குக் கல் நட்டார்கள், மானியம் விட்டார்கள். கல்லுக்குப் பூஜை செய்யாமல் கோயில் பூசாரி சாப்பிட்டால் அவனுக்குப் பாவம் என்றும் எழுதினார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே நாயும் பன்றியும் மோதும் சிற்பம். சுற்றிலும் கன்னட எழுத்து. தக்கோலப் போரைப் பற்றி எழுதும் சரித்திர ஆசிரியர்கள் எல்லாரும் இந்த நாயின் கல்லைத்தான் முக்கிய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் தோல்வியைப் பற்றி நமக்குச் சாட்சி சொல்லும் நாய் அது.

காளி ஆணா, பெண்ணா? பெயர் தேவியின் பெயர். பெண் நாய் என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் நம் கிராமங்களில் காளி என்ற பெயருள்ள ஆண்பிள்ளைகள் எத்தனை பேர்! ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. இதில் கவனிக்க வேண்டியது வேறு. நாயைக் கேட்டு வாங்கிய மணலேரன், 'ஆண் குட்டி ஒன்று கொடுங்கள்' என்று கேட்கவில்லை. 'காளியைக் கொடுங்கள்' என்று பெயர் சொல்லிக் கேட்டான். அவனுக்கு அந்த நாயைத் தெரியும். அதன் ஓட்டம் தெரியும், தைரியம் தெரியும். தெரிந்த நாயைக் கேட்பவனுக்கு ஆணா பெண்ணா என்ற விசாரம் வேண்டியதில்லை. தெரியாத குட்டியை வாங்குகிறவனுக்குத்தான் அது வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அர்ரியன் என்று ஒரு கிரேக்க ஆசிரியர் இருந்தார். அலெக்ஸாந்தரின் சரித்திரத்தை எழுதியவர். இந்தியாவைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியவர். ரோமாபுரி ஆட்சியில் பெரிய கவர்னர் பதவியும் வகித்தார். அவர் முயல் வேட்டை நாய்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். வேகத்தில் பெட்டை நாய் ஆணை மிஞ்சும் என்கிறார். களைக்காமல் நாள் முழுதும் ஓடுவதில் ஆண் மேல் என்கிறார். பெட்டைக்கு அந்த வேகம் ஐந்து வயது வரைக்கும், ஆணுக்குப் பத்து வயது வரைக்கும் என்று கணக்கும் போட்டு, ஆண் நாய்க்கே மதிப்பு அதிகம் என்று முடிக்கிறார். இத்தனை சொன்ன மனிதர் தாம் வளர்த்த ஒரு நாயைப் பற்றி எழுதும்போது எல்லாச் சாஸ்திரத்தையும் மறந்துவிடுகிறார். அது எப்படித் தம்மை விட்டுப் பிரியாது, எப்படி வாசலில் எதிர்கொள்ளும் என்றெல்லாம் உருகி உருகி எழுதுகிறார். அதன் பெயர் எக்காலத்துக்கும் நிற்கட்டும் என்று எழுதியும் வைக்கிறார்: ஹோர்மே. கிரேக்க மொழியில் அது பெண்பாற் சொல்.

சாஸ்திரம் ஒரு பக்கம், சொந்த நாய் ஒரு பக்கம். உலகம் முழுதும் இப்படித்தான் போலிருக்கிறது.

இந்தப் பழைய விஷயங்களைச் சொல்லி, வேடர்களுக்கு ஆண் பெண் பேதமே தெரியாது என்று நான் சாதிக்க வரவில்லை. பேதம் உண்டு. பெட்டை நாய் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் நீடிக்கும். அந்தச் சமயத்தில் அதைக் காட்டுக்கு அழைத்துப் போனால் மற்ற ஆண் நாய்களின் கவனம் முயலில் இராது. நாய்களுக்குள் சண்டை மூண்டுவிடும். சினைப்பட்டால் இரண்டு மாதம், அதாவது 63 நாள். பிறகு குட்டிகளுக்குப் பால் கொடுக்க இரண்டு மாதம். வேடனுக்கு நாலு மாத வேலை நஷ்டம். ஆண் நாய் உருவத்திலும் எடையிலும் கொஞ்சம் பெரியது. பன்றியை எதிர்க்க அது உதவும். ஆனால் ஆண் நாய்க்கும் குற்றம் உண்டு. எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்த வாசனை பட்டால் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு போய்விடும். நாலு நாள் கழித்துக் காது கிழிந்து வந்து சேரும். ஆக வேடன் கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் வரவு செலவு சமமாகத்தான் வரும். அதனால்தான் அவன் இரண்டையும் வைத்துக்கொண்டான். நல்ல பெட்டையை வைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு நாய் எங்கிருந்து வரும்?

தெற்கே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப் பெயரையே நாய்க்கு வைத்திருக்கிறார்கள். 2005 ஜனவரியில் தபால் இலாகா இந்திய நாய்களுக்கென்று வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அந்தச் சீமையில் கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த வேட்டை நாய்க்குக் கன்னி என்று பெயர். கல்யாணமாகிப் புகுந்த வீடு போகும் பெண்ணுக்குச் சீராக இந்த நாயைக் கொடுத்தனுப்பியதால் அப்படிப் பெயர் வந்தது என்று அங்கே சொல்லுவார்கள். முயலைத் துரத்தும் அதே நாய் புது மருமகளுக்கு வீட்டுத் துணை! வேட்டைக்கு வேறு, குடும்பத்துக்கு வேறு என்ற பாகுபாடே அங்கே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் ஆரணித் தெருவில் கேட்ட அந்த 'அவஸ்தை' எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து வரவில்லை, டவுனிலிருந்து வந்தது. டவுன் வீட்டுக்காரருக்கு அடுத்த தலைமுறை நாய் வேண்டியதில்லை. ஒரு நாய் போதும். அது குட்டி போடக் கூடாது. வாசலில் பத்து நாய் வந்து நிற்கக் கூடாது. எனவே ஆண் குட்டி. ஜனங்களின் காரணம் நியாயமானதுதான். ஆனால் அதை வெளியில் சொல்ல ஏனோ கூச்சம். 'காவலுக்கு ஆண்தான் லாயக்கு' என்று நாயின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

காவல் விஷயத்தில் பெட்டை குறைச்சல் என்று சொல்ல முடியாது. அந்நியன் வாசலில் கால் வைத்தால் குரல் கொடுப்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆரணியில் ஒரு வயதான நெசவாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் எப்போதும் பெட்டை நாய்தானாம். காரணம் கேட்டேன்.

"ஐயா, தெருவிலே பாவு போட்டிருக்கும். கால் நட்டு, கயிறு கட்டி, ஒரு பொடவைக்கு மேலே பொடவையா நீளமா நிக்கும். ஆண் நாய் என்ன பண்ணும்? கால் எங்கே நட்டிருக்கோ அங்கே போயித் தூக்கும். பட்டு நூலு என்ன ஆவறது? பொட்டை அந்த வேலை செய்யாது. ஓரமா குந்திட்டுப் போயிடும். அவ்வளவுதான் விஷயம்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் இதே காரணத்தை உலகத்தின் மகா மேதாவிகளும் யோசித்திருக்கிறார்கள். 1957 நவம்பர் 3-ஆம் தேதி ருஷ்யர்கள் ஸ்புட்னிக் 2 என்ற விண்கலத்தில் லைகா என்ற நாயை அனுப்பினார்கள் அல்லவா? லைகா மாஸ்கோ தெருவில் திரிந்த பெட்டை நாய். விண்வெளிக்கென்று அவர்கள் பெட்டை நாய்களாகவே தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, நெசவாளர் சொன்ன அதே சங்கதி. கால் தூக்கி நிற்க அந்தச் சிறு கூண்டில் இடம் ஏது? கழிவைச் சேகரிக்கும் சாதனமும் பெட்டை நாய்க்கே வசதியாகப் பொருந்தியது. பாவம், லைகா சில மணி நேரத்தில் இறந்துபோயிற்று. 1960 ஆகஸ்டில் போன பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரு பெட்டை நாய்கள் உலகத்தைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பின. ஸ்ட்ரெல்கா பிறகு ஆறு குட்டி போட்டது. அதில் ஒன்றை 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வீட்டுக்குப் பரிசாக அனுப்பினார்கள். வானத்தைச் சுற்றி வந்த நாயின் குட்டியை யாரும் 'அவஸ்தை' என்று சொல்லவில்லை.

நம் தெருவில் நடப்பது வேறு. ஆறு குட்டியில் இரண்டு ஆண் போய்விடும். மிச்சம் நாலு பெட்டை. இரண்டு மாதம் பொறுப்பார்கள். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் வீட்டுக்காரர் ஒரு கோணிப் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். சந்தைப் பக்கம், ஆற்றங்கரை, பஸ் ஸ்டாண்டு, ஏதோ ஓர் இடம். பை காலியாகத் திரும்பி வரும். அந்தக் குட்டிகளில் தப்பிப் பிழைத்த ஒன்று ஒரு வருஷத்துக்குள் தானே தாயாகும். அது ஆறு போடும். பிறகு நகரசபை நாய்த் தொல்லையைக் கவனிக்கவில்லை என்று மனு எழுதுவோம். குட்டி வேண்டாம் என்று பெட்டையை ஒதுக்கியவர்கள்தான் ஊரில் குட்டி பெருக வழி செய்கிறோம்.

இதற்கு ஒரு காலத்தில் பரிகாரம் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற ஸ்தாபனம், 1964-லேயே தெரு நாய்களைக் கொல்லுவதற்குப் பதில் கருத்தடை செய்வதென்று ஆரம்பித்தது. 2001-ல் அதற்கென்று மத்திய சர்க்கார் விதிகளே கொண்டுவந்தது. 2023-ல் அவற்றை மாற்றிப் புது விதிகளும் செய்தது. வீட்டு நாய்க்கும் அதே சிகிச்சைதான். குட்டிக்குச் சுமார் ஆறு மாதமாகும்போது கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனால் தக்க சமயத்தை அவர் சொல்லுவார். சிகிச்சைக்குப் பிறகு பருவமும் இல்லை, வாசலில் கூட்டமும் இல்லை, கோணிப் பையும் இல்லை. பெட்டை நாயின் பேரில் டவுன்காரர் சொல்லும் ஒரே குற்றம் அதோடு தீர்ந்துபோகிறது.

வேட்டைக்காரரின் கேள்வியும் முடிந்துபோயிற்று. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயலைப் பிடிப்பதுகூடக் குற்றம். மலைபடுகடாம் சொன்ன விருந்து இன்று ஜவ்வாது மலையில் கிடைத்தால், விருந்து வைத்தவரும் சாப்பிட்டவரும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். காளியைப்போல் ஒரு நாயை வைத்துக்கொண்டு இன்று நாம் செய்யக்கூடியது, அதோடு காலையில் ஓடுவதும், அது வாசலில் படுத்திருக்க நாம் நிம்மதியாகத் தூங்குவதும்தான்.

எனவே நாய்க்குட்டி வேண்டும் என்பவர்களுக்குச் சரித்திரத்திலிருந்தும் அனுபவஸ்தர்களிடமிருந்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் தாய் நாயைப் போய்ப் பாருங்கள். அது அந்நியரிடம் எப்படி நடந்துகொள்ளுகிறது, குழந்தைகளிடம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கண் திறந்து ஓடத் தொடங்கிய குட்டிக்கு, மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் மனிதர் பழக்கம் மிக அவசியம். அந்தப் பருவத்தில் குழந்தைகள் எடுத்துக் கொஞ்சிய குட்டி பிறகு குழந்தைகளைக் கடிக்கத் துணிவது அரிது. ஏழு எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும். அதற்கு முன் பிரிக்காதீர்கள். வெள்ளை நாயானால் அதன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பாருங்கள். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பது உண்டு. வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு ஊசி காலத்தில் போடுங்கள். இவ்வளவையும் பார்த்தாயிற்று என்றால், அப்புறம் ஆணா பெண்ணா என்று கேளுங்கள். அப்போது அந்தக் கேள்விக்கு அவ்வளவு முக்கியம் இருப்பதாக உங்களுக்கே தோன்றாது.

ஆண் குட்டிகள் போய்விட்டன, பெட்டைதான் மிச்சம் என்று வீட்டுக்காரர் சங்கடத்தோடு சொன்னால், திரும்பி வந்துவிடாதீர்கள். அந்தக் கறுப்புக் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு பெயரும் வையுங்கள். எருமை மேய்த்தவர்களும் யுத்தத்தில் ஜெயித்தவர்களும் தங்கள் நாய்க்குப் பெயர் வைத்துத்தான் வளர்த்தார்கள்.